பாடசாலையை மூடாமல் பெருந்தொற்றைக் கடப்பது: கொழும்புப் பாடசாலைகளுக்கான செய்முறைக் குறிப்புகள்

கொவிட்-19 பெருந்தொற்றால் 2020 மார்ச் 13ஆம் திகதி முதல் இலங்கையின் பாடசாலைகள் மூடப்பட்டபோது, சில வாரங்களில் எல்லாம் வழமைக்குத் திரும்பிவிடும் என்றே கொழும்பில் இருந்த நாங்கள் எண்ணினோம். திறப்பதும் மூடுவதுமாக ஏறத்தாழ இரண்டு ஆண்டுகள் போயின. கொட்டாஞ்சேனையிலும் மட்டக்குளியிலும் 'தோட்டம்' எனப்படும் நெரிசலான குடியிருப்புகளின் ஒற்றை அறை வீடுகளில், தகப்பன் வேலையால் வந்த பிறகு கிடைக்கும் ஒரே கைபேசியை மூன்று பிள்ளைகள் முறை வைத்துப் பார்த்துப் படித்தார்கள். தரம் 1இல் எழுத்துப் பழக வேண்டிய பிள்ளைகள், எழுத்துக் கூட்டத் தெரியாமலே தரம் 3இல் வந்து அமர்ந்தார்கள். அதே காலத்தில், 2020 ஒக்டோபரில், மினுவாங்கொடைக் கொத்தணி எனப்பட்ட பெரும் தொற்றுப் பரவல் வெளிப்பட்ட சில நாட்களுக்குள் தரம் 5 புலமைப்பரிசில் பரீட்சையும் உயர்தரப் பரீட்சையும் திட்டமிட்டபடி நடந்து முடிந்ததையும் நாம் பார்த்தோம். பரீட்சைக்காகச் செய்ய முடிந்த ஏற்பாட்டைப் படிப்பிப்பதற்காக ஏன் செய்ய முடியாது என்ற கேள்வி அப்போதிருந்தே என்னிடம் உண்டு.

பிரதி அதிபராகவும் பாடசாலைச் சுகாதாரக் குழுவின் பொறுப்பாளராகவும் இருந்தபோது செய்து பார்த்தவற்றையும், தவறவிட்டுப் பின்னர் உணர்ந்தவற்றையும் இங்கே எழுதுகிறேன். காற்றால் பரவும் சுவாச நோய் எதற்கும் இவற்றில் பெரும்பாலானவை பொருந்தும். சுகாதார அமைச்சும் கல்வி அமைச்சும் வெளியிடும் சுற்றுநிருபங்களை இக்குறிப்புகள் மாற்றீடு செய்யமாட்டா. அந்தச் சுற்றுநிருபத்தைக் கையில் வைத்துக்கொண்டு திங்கட்கிழமை காலை என்ன செய்வது என்று யோசிக்கும் அதிபருக்கும் ஆசிரியருக்குமானவை இவை.

முதலில் காற்று

கொவிட்-19 நோய்க்கிருமி முக்கியமாக மூச்சோடு வெளிவரும் நுண்துளிகளால் பரவுகிறது. அத்துளிகளிற் சிறியவை காற்றோட்டமில்லாத அறையில் நெடுநேரம் மிதந்து நிற்கும். ஆகவே நேரமும் பணமும் குறைவாக உள்ள பாடசாலை முதலில் கவனிக்க வேண்டியது வகுப்பறையின் காற்றைத்தான். இந்த விடயத்தில் கொழும்புக்கு இயற்கையாகவே ஒரு வாய்ப்பு இருக்கிறது. குளிர்நாடுகளில் மார்கழி மாதத்தில் யன்னலைத் திறந்து வைத்துப் படிப்பிப்பது பெரும் பாடு. நமக்கோ ஆண்டு முழுவதும் அது முடியும். அரைச் சுவரும் விறாந்தையும் வைத்துக் கட்டிய பழைய கட்டடங்கள் இதில் புதியவற்றைவிட மேலானவை. கண்ணாடி போட்டுக் குளிரூட்டி பொருத்திய 'நவீன' அறைதான் பெருந்தொற்றுக் காலத்தில் பாடசாலையின் மிக மோசமான அறை.

யன்னல் திறந்திருக்கிறது என்பதற்காகக் காற்று அசைகிறது என்று நம்பிவிட வேண்டாம். அதைக் கண்ணால் பார்ப்பதற்குச் செலவில்லாத வழி ஒன்று உண்டு. பிள்ளைகள் வருமுன் வெறும் வகுப்பறைக்குச் சென்று, மின்விசிறியை நிறுத்திவிட்டு, ஓர் ஊதுபத்தியைக் கொளுத்தி, அமர்ந்திருக்கும் பிள்ளையின் மூக்கு எந்த உயரத்தில் இருக்குமோ அந்த உயரத்தில் பிடியுங்கள். புகை சாய்ந்து ஒரு யன்னலை நோக்கி நகர்ந்தால் அவ்விடம் நல்லது. நேராக மேலெழுந்து அங்கேயே சுருண்டு நின்றால் அவ்விடத்தைச் சுண்ணக்கட்டியால் குறித்துக்கொள்ளுங்கள். நாங்கள் இதைச் செய்தபோது தரம் 8 வகுப்பொன்றின் பின்வரிசையில் புகை அசையவே இல்லை. பார்த்தால், அந்த மூலை யன்னலை மறைத்துக்கொண்டு ஓர் இரும்பு அலுமாரி நின்றது. அதற்குள் யாரும் தேடாத பழைய தவணைப் பரீட்சைத் தாள்கள் இருந்தன. உயர்தர மாணவர் நால்வர் அதை விறாந்தை ஓரத்துக்கு நகர்த்த ஐந்து நிமிடம் பிடித்தது. அடுத்த ஊதுபத்தியின் புகை அந்த யன்னலால் வெளியேறியது.

மின்விசிறியைப் பொறுத்தவரை, கூரை விசிறி அறையின் காற்றைக் கலக்குமே தவிர வெளியேற்றாது. நிலைவிசிறி ஒன்று இருந்தால் அதைப் பிள்ளைகளை நோக்கித் திருப்பாமல், ஒரு பக்க யன்னலருகே வைத்து வெளிப்புறமாகத் திருப்புங்கள். எதிர்ப்பக்கத்தால் புதிய காற்று தானாக உள்ளே வரும். கணினி அறையில் குளிரூட்டியை நிறுத்த முடியாவிட்டால், அது இயங்கும்போதே இரண்டு யன்னல்களையாவது திறந்து வைக்க வேண்டும். சாதாரணமாகச் சுவரில் பொருத்தும் குளிரூட்டி உள்ளே இருக்கும் அதே காற்றைத்தான் திரும்பத் திரும்பக் குளிராக்குகிறது. வெளிக்காற்றை அது கொண்டுவருவதில்லை. மின்கட்டணம் கூடும் என்று கணக்குப் பார்ப்பவரிடம் இதைச் சொல்லி விளங்கப்படுத்த வேண்டியிருக்கும்.

பாடசாலை அபிவிருத்திச் சங்கத்திடம் சிறிது பணம் இருந்தால், காபனீரொட்சைட்டு அளக்கும் சிறு கருவி ஒன்றை வாங்கி வகுப்பு வகுப்பாகக் கொண்டு செல்லலாம். வெளிக்காற்றில் இவ்வாயு பத்து இலட்சத்தில் ஏறத்தாழ 420 பங்கு இருக்கும்; நாம் வெளிவிடும் மூச்சிலோ ஏறத்தாழ 40,000 பங்கு. ஆகவே அறையில் அந்த எண் ஏறுவதென்றால், ஒருவர் விட்ட மூச்சை மற்றவர் இழுக்கிறார் என்பதே பொருள். 800க்குள் நின்றால் காற்றோட்டம் நன்று. 1,000ஐத் தாண்டிச் சென்றுகொண்டிருந்தால் இன்னும் யன்னல் திறக்க வேண்டும் அல்லது ஆட்களைக் குறைக்க வேண்டும். பாடவேளையின் தொடக்கத்தில் அல்ல, முடிவில் அளவெடுங்கள். கருவியை யன்னல் விளிம்பிலோ பிள்ளையின் வாய்க்கு நேரேயோ வைக்காதீர்கள்.

யன்னலை மூட வைக்கும் காரணங்கள் கொழும்பில் மூன்று: மழை, வாகன இரைச்சல், நுளம்பு. தென்மேற்குப் பருவமழை சாய்ந்து அடிக்கும்போது மழை வரும் பக்கத்தை மட்டும் மூடி, மறுபக்கத்தையும் கதவுகளையும் திறந்தே வைக்கலாம். காலி வீதியை அண்டிய அறைகளில் இரைச்சலால் தொண்டை கிழியக் கத்த வேண்டியிருந்தால், அவ்வறைகளை எழுத்துவேலைக்கும் சித்திரப் பாடத்துக்கும் ஒதுக்கி, வாய்விட்டுப் படிப்பிக்கும் பாடங்களை உட்புற அறைகளுக்கு மாற்றுங்கள். சத்தமாகப் பேசுவதும் பாடுவதும் நுண்துளிகளைப் பன்மடங்காக்கும் என்பதால், சங்கீத வகுப்பையும் காலைத் தேவாரத்தையும் மைதானத்துக்கோ மரநிழலுக்கோ கொண்டுசெல்வது நல்லது. நுளம்பைப் பற்றிக் கீழே வருகிறேன்.

நோயுற்ற பிள்ளை வீட்டில் நிற்க வேண்டும்

சொல்ல எளிது. ஆனால் நடைமுறையில் மற்றெல்லா ஏற்பாட்டையும் குலைப்பது இந்த ஒன்றுதான். காலையில் பிள்ளைக்கு உடம்பு சுடுகிறது; தாய் வேலைக்குப் போக வேண்டும்; அரைப் பனடோல் கொடுத்து வேனில் ஏற்றிவிடுகிறார். வாயிலில் நெற்றிக்கு நேரே பிடிக்கும் வெப்பமானி எதையும் காட்டாது, ஏனெனில் மருந்து வேலை செய்துகொண்டிருக்கிறது. முற்பகல் 10 மணிக்குப் பிள்ளை மேசையில் தலையைச் சாய்த்துப் படுக்கும். அந்தத் தாயைக் குறை சொல்லி ஒன்றும் ஆகப்போவதில்லை. பிள்ளையை வீட்டில் வைத்திருப்பதால் குடும்பத்துக்கும் பிள்ளைக்கும் வரும் இழப்பைப் பாடசாலை குறைத்தால்தான் பழக்கம் மாறும்.

பாடசாலையின் கையில் இருப்பவை சில. முழு வரவுக்கான பரிசை நிறுத்திவிடுங்கள். பெருந்தொற்றுக் காலத்தில், காய்ச்சலோடு வந்த பிள்ளைக்குக் கிண்ணம் கொடுப்பதற்கே அது வழிசெய்கிறது. உயர்தர மாணவர், பரீட்சைக்குத் தோற்றத் தேவையான 80 சதவீத வரவைப் பற்றி அஞ்சுவார்கள். நோயால் வராத நாட்கள் எவ்வாறு பதியப்படும் என்பதை வலயக் கல்விப் பணிமனையிடம் கேட்டறிந்து எழுத்தில் அறிவித்துவிட்டால் பாதிப் பயம் தீரும். வைத்தியச் சான்றிதழ் கேட்காதீர்கள். இரண்டு நாள் தடிமனுக்காகச் சான்றிதழ் எடுக்கப் போன பிள்ளை, நெரிசலான வெளிநோயாளர் பிரிவிலிருந்து இன்னொரு நோயோடு திரும்பலாம். காலை 6.30க்குள் வகுப்பாசிரியருக்கு ஒரு குறுஞ்செய்தி போதும் என்று வையுங்கள். அச்செய்திக்கு அன்றே பதில் அனுப்புங்கள், 'பாடக்குறிப்பு மாலையில் வரும்' என்ற ஒரு வரியாவது.

இவ்விடத்தில் கொழும்புக்கே உரிய ஓர் எச்சரிக்கை. இந்நகரில் காய்ச்சல் என்றால் டெங்குவையும் எண்ணியே ஆக வேண்டும். பெருந்தொற்றுக் காலத்தில் எல்லோரும் அன்டிஜன் பரிசோதனையில் தொற்றில்லை என்று வந்ததும் ஆறுதலடைந்து, டெங்குவை மறந்துவிடுகிறார்கள். பெற்றோருக்கு அனுப்பும் ஒற்றைத் தாளில் இதைத் தெளிவாக எழுதுங்கள்: காய்ச்சலுக்குப் பரசிட்டமோலைத் தவிர வேறு வலிநிவாரணி கொடுக்கக் கூடாது, காய்ச்சல் மூன்றாம் நாளுக்கு நீடித்தால், அல்லது அதற்கு முன்பே கடும் வயிற்றுவலி, தொடர்வாந்தி, இரத்தக் கசிவு, மிகுந்த சோர்வு ஆகியவற்றில் எது தோன்றினாலும், வைத்தியரிடம் காட்டி இரத்தப் பரிசோதனை செய்ய வேண்டும். காய்ச்சல் தணியும் வேளையே டெங்குவில் ஆபத்தான வேளை என்பதையும் சேர்த்து எழுதுங்கள்.

குழுக்களைப் பிரிப்பது

கொவிட் காலத்தில் 20 அல்லது அதற்குக் குறைந்த மாணவர் உள்ள வகுப்பு தினமும் நடத்தப்பட்டது. 40 வரை உள்ளவை இரண்டு குழுக்களாகவும், அதற்கு மேற்பட்டவை மூன்று குழுக்களாகவும் பிரிக்கப்பட்டன. 2021 ஒக்டோபர் 21இல் மீண்டும் திறந்தபோதும், 200க்குக் குறைந்த மாணவர் கொண்ட பாடசாலைகளின் ஆரம்பப் பிரிவுகளே முதலில் திறந்தன. எண்ணிக்கையை வைத்துப் படிப்படியாகத் திறப்பது சரியான முறைதான். ஆனால் வரவு இடாப்பில் முதல் இருபது பேர் ஒரு குழு, அடுத்த இருபது பேர் மற்றக் குழு என்று கோடு போட்டதில் எங்களுக்குத் தவறு நேர்ந்தது. தரம் 4இல் உள்ள அண்ணன் 'அ' குழுவிலும் தரம் 2இல் உள்ள தங்கை 'ஆ' குழுவிலும் விழுந்ததால், அவ்வீட்டில் ஒருவருக்குத் தொற்று வந்தபோது இரண்டு குழுக்களும் பாதிக்கப்பட்டன. தாய்க்கோ ஒவ்வொரு வாரமும் ஒரு பிள்ளை வீட்டில்.

ஆகவே இடாப்பைத் தூர வைத்துவிட்டு இரண்டு கேள்விகளோடு தொடங்குங்கள்: இப்பிள்ளைக்கு இங்கே சகோதரர் உண்டா? இப்பிள்ளை எந்த வேனில் வருகிறது? ஒரே வீட்டுப் பிள்ளைகளும் ஒரே வேன் பிள்ளைகளும் ஒரே குழுவில் இருக்கட்டும். குழுக்களை ஒன்றுவிட்ட நாளில் அழைப்பதைவிட ஒன்றுவிட்ட வாரத்தில் அழைப்பது தொற்றைக் கண்டறிய வசதியானது. நடுவில் கிடைக்கும் வாரத்தில் அறிகுறி வெளிப்பட்டுவிடும். தரம் 1, 2 பிள்ளைகளுக்கு மட்டும் நான் இதைப் பரிந்துரைக்க மாட்டேன். ஒரு வாரம் விட்டால் அவர்கள் எழுத்தையும் மறப்பார்கள், ஆசிரியரின் முகத்தையும் மறப்பார்கள். இடம் இருக்குமானால் பெரிய வகுப்புகளின் அறைகளை எடுத்துக்கொண்டாவது சின்னவர்களைத் தினமும் அழையுங்கள்.

பாடசாலை வேனைத் தனியாகக் கவனிக்க வேண்டும். பல பாடசாலைகளின் பல தரத்துப் பிள்ளைகள், குளிரூட்டி போட்டு யன்னலை அடைத்த வேனுக்குள், காலை நெரிசலில் முக்கால் மணிநேரம் நெருங்கி அமர்ந்து வருகிறார்கள். வகுப்பறையில் ஒரு மீற்றர் இடைவெளி அளந்து மேசை போட்டவர்கள் இதைக் காணாமலிருப்பது விந்தை. வேன் சாரதிகளை ஒருநாள் மாலையில் அழைத்து, தேநீர் கொடுத்து, மூன்று விடயங்களை மட்டும் கேளுங்கள்: யன்னல்கள் திறந்திருக்க வேண்டும், வேனுக்குள் எல்லோரும் முகக்கவசம் அணிந்திருக்க வேண்டும், ஒவ்வொரு பிள்ளைக்கும் நிரந்தரமான ஓர் இருக்கை வேண்டும். சுற்றுநிருபத்துக்குக் கேளாத காது மரியாதையான ஓர் அழைப்புக்குக் கேட்கிறது.

மாலை வகுப்புகள் இன்னொரு ஓட்டை. பகலில் இருபது இருபதாகப் பிரித்த பிள்ளைகள், வெள்ளவத்தையிலும் பம்பலப்பிட்டியிலும் உள்ள ரியூசன் மண்டபங்களில் பின்னேரம் நூற்றுக்கணக்கில் ஒன்றாகக் கூடுகிறார்கள். அதைத் தடுக்கும் அதிகாரம் அதிபருக்கு இல்லை. எந்தப் பிள்ளை எங்கே போகிறது என்ற விவரம் வகுப்பாசிரியரிடம் இருந்தாலே, தொற்று வரும்போது தேடுதல் எளிதாகும்.

இடைவேளையும் கைகழுவலும்

நாளில் முகக்கவசம் கட்டாயமாகக் கழலும் நேரம் இடைவேளை. முழுப் பாடசாலைக்கும் ஒரே மணி அடிக்காமல், பிரிவு பிரிவாக இருபது நிமிட இடைவெளி விட்டு அனுப்புங்கள். வெளியே, மரத்தடியிலோ விறாந்தையிலோ, ஒரே திசையைப் பார்த்து அமர்ந்து சாப்பிடட்டும். காகங்கள் வரும், ஓர் ஆசிரியர் நின்று விரட்ட வேண்டியிருக்கும். சாப்பாட்டைப் பகிராதே என்று சொல்வது எனக்கு மனமொப்பிய வேலை அல்ல, ஏனெனில் எங்கள் பாடசாலையில் பகிர்ந்தே பசியாறும் பிள்ளைகள் இருந்தார்கள். அத்தகைய பிள்ளைகளின் பெயரை வகுப்பாசிரியர் அறிந்திருந்து, அவர்களுக்குத் தனிப் பொதியொன்றை அமைதியாக ஏற்பாடு செய்த பிறகே அந்தத் தடையை அறிவியுங்கள்.

கைகழுவச் சவர்க்காரக் கட்டியை வலைப்பையிலிட்டுக் குழாயோடு கட்டிவிட்டால் அது தொலையாது, கீழே விழுந்து கரையாது. இருபது விநாடி தேய்க்க வேண்டும். சின்னப் பிள்ளைகளை ஒன்று முதல் இருபது வரை எண்ணச் சொன்னால் கணக்கும் ஆயிற்று. தண்ணீர் வராத நாட்களுக்கென வாளிகளும் பீப்பாய்களும் வைத்தால் மூடியோடு வையுங்கள். வாரம் ஒரு முறையாவது வெறுமையாக்கித் தேய்த்துக் கழுவுங்கள். டெங்கு நுளம்பு முட்டையிலிருந்து பறக்கும் நிலைக்கு வர ஏறத்தாழ ஒரு வாரமே போதும். கைகழுவத் தொட்டி வைத்து நுளம்பு வளர்த்தோம் என்ற பெயர் வேண்டாம். நுளம்பை அப்படி வெளியே ஒழித்தால்தான் யன்னலை உள்ளே திறந்து வைக்க முடியும்.

முகக்கவசமும் வேண்டாத செலவும்

பெரிய மாணவரும் ஆசிரியரும் மூக்கோடு பொருந்தும் முகக்கவசம் அணிய வேண்டும். ஐந்து வயதுக்கு உட்பட்ட பிள்ளைகளுக்கு அது கட்டாயம் வேண்டாம் என்பதே உலக சுகாதார நிறுவனத்தின் நிலைப்பாடு. தமிழ் கற்பிக்கும் ஆரம்பப் பிரிவு ஆசிரியருக்கு இங்கே ஒரு சிக்கல் உண்டு. ல, ள, ழ மூன்றையும் நாக்கைக் காட்டாமல் சொல்லிக்கொடுக்க முடியாது. அந்தப் பத்து நிமிடப் பாடத்தைத் திறந்த வெளியில், பிள்ளைகளிடமிருந்து நன்கு விலகி நின்று, முகக்கவசத்தைக் கழற்றிக் கற்பிப்பது நியாயமானது.

வாயிலில் மருந்து தெளிக்கும் கூண்டு, காலணி நனைக்கும் தட்டு, நாள்தோறும் மைதானத்துக்குக் குளோரின் விசிறல் ஆகியவற்றுக்குப் பணம் செலவிட வேண்டாம். ஆட்கள் மீது கிருமிநாசினி தெளிப்பதை எந்நிலையிலும் செய்யக் கூடாது என்று உலக சுகாதார நிறுவனம் 2020 மே மாதத்திலேயே கூறிவிட்டது. கதவுப்பிடி, குழாய், மலசலகூடம் ஆகியவற்றை முதலில் சவர்க்கார நீரால் துடைத்து, பின்னர் 5 சதவீதக் குளோரின் திரவத்தின் ஒரு பங்குக்கு 49 பங்கு தண்ணீர் கலந்து துடைத்தால் போதுமானது.

ஆசிரியர் ஓய்வறை

பெரியவர்களிடையே தொற்று பரவிய இடம் எங்கள் பாடசாலையில் வகுப்பறை அல்ல, ஆசிரியர் ஓய்வறைதான். பிள்ளைகளிடம் கண்டிப்பாக இருந்த நாங்களே, உள்ளே வந்ததும் முகக்கவசத்தைக் கழற்றி மேசையில் வைத்துவிட்டு, ஒரே மேசையைச் சுற்றி அமர்ந்து தேநீர் குடித்தோம். ஒரே வாரத்தில் ஐவர் விழுந்தனர். பதில் கடமைக்கு ஆளில்லாமல் மூன்று வகுப்புகளை வீட்டுக்கு அனுப்பினோம். தேநீர்க் கேத்தலை விறாந்தைக்கு மாற்றுங்கள். ஒவ்வொரு பாடத்துக்கும் ஒரு வாரத்துக்கான செயலட்டைகளை முன்கூட்டியே உறையிலிட்டு அலுவலகத்தில் வையுங்கள். ஆசிரியர் திடீரென வராமற்போனாலும் யாரும் அதைப் பிரித்து வகுப்பை நடத்தலாம்.

தொற்று வந்துவிட்டால்

எவ்வளவு கவனமாக இருந்தாலும் ஒருநாள் வரும். அந்த நாளில் முடிவெடுக்கத் தொடங்கினால் பயம்தான் முடிவெடுக்கும். தவணை தொடங்குமுன்பே உங்கள் பகுதிச் சுகாதார மருத்துவ அதிகாரியோடும் பொதுச் சுகாதாரப் பரிசோதகரோடும் அமர்ந்து பேசுங்கள். மாநகர எல்லைக்குள் என்றால் அவர்கள் கொழும்பு மாநகர சபையின் பொதுச் சுகாதாரத் திணைக்களத்தைச் சேர்ந்தவர்கள். எத்தனை பேருக்கு, எத்தனை நாட்களுக்குள் தொற்று வந்தால், எந்த வகுப்பு, எவ்வளவு காலம் வீட்டில் நிற்க வேண்டும் என்பதை ஒரு பக்கத்தில் எழுதிப் பெற்றோர் அனைவருக்கும் கொடுங்கள். அந்தத் தாளில் 'வகுப்பு' என்ற சொல் இருக்கட்டும். 'பாடசாலை' என்ற சொல் மிகவும் கடைசி வரியில் மட்டும் வரட்டும். தரம் 7 'ஆ' வீட்டில் நின்றால் தரம் 11 ஏன் நிற்க வேண்டும் என்பதற்கு, நெருங்கிப் பழகினார்கள் என்பதைத் தவிர வேறு விடை இருக்கக் கூடாது.

யார் யாரோடு நெருங்கிப் பழகினார்கள் என்பதைச் சொல்ல இடாப்பு உதவாது. ஒவ்வொரு திங்கட்கிழமையும் வகுப்பாசிரியர் இருக்கை வரைபடம் ஒன்றை எழுதி, கைபேசியில் ஒரு படம் எடுத்து வைக்கட்டும். பரிசோதகர் தொலைபேசியில் கேட்கும்போது இரண்டு நிமிடத்தில் பெயர்களைச் சொல்ல முடிந்தால், முழு வகுப்பும் தப்பும் வாய்ப்பு உண்டு. நோயுற்ற பிள்ளையின் பெயரை வட்ஸ்அப் குழுவில் போடாதீர்கள். அதை எழுத வேண்டிய தேவை யாருக்கும் இல்லை. தொடர்புடைய பெற்றோருக்குத் தனித்தனியே அழைத்துச் சொல்லுங்கள்.

வீட்டில் நிற்கும் பிள்ளைக்குப் பாடம் போய்ச் சேர வேண்டும். கைபேசி உள்ள வீட்டுக்குக் குறிப்பின் படம் போகட்டும். இல்லாத வீட்டுக்குப் போட்டோக் கொப்பி, அயல்வீட்டுப் பிள்ளை மூலம் வாசல் வரை. எந்தப் பிள்ளைக்கு எது என்ற பட்டியல் தவணையின் முதல் வாரத்திலேயே தயாராக இருக்க வேண்டும், ஏனெனில் நோய் வந்த பிறகு கேட்டால் பல பெற்றோர் வெட்கத்தால் 'இருக்கிறது சேர்' என்றே சொல்வார்கள்.

பிள்ளை திரும்பி வரும் காலையில் வகுப்பாசிரியர் சற்று முன்னதாக வகுப்புக்குச் செல்லட்டும். பாடசாலை மீண்டும் திறந்தபோது, 2020 இறுதியில் வீதி மூடப்பட்டிருந்த பகுதிகளிலிருந்து வந்த பிள்ளைகளின் பக்கத்தில் அமர மறுத்த வகுப்புத் தோழரை நான் பார்த்திருக்கிறேன். வீட்டில் பெரியவர்கள் பேசியதைத்தான் அவர்கள் திருப்பிச் சொன்னார்கள். பிள்ளையின் பழைய இருக்கையை மாற்றக் கூடாது. எங்கே போனாய், என்ன வந்தது என்று வகுப்பின் முன் கேட்கக் கூடாது. தவறிய நாட்களின் செயலட்டைகளை அந்த மேசையில் வைத்துவிட்டு, வழமைபோல இடாப்பைக் கூப்பிடத் தொடங்கினால் போதும்.